கடைசி ஸ்டேஷன் தனுஷ்கோடி

அன்பார்ந்த நண்பர்களே, தனுஷ்கோடி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புயல்தான். நான் இன்று பேச வந்திருப்பது அதற்கு முந்தைய 50 ஆண்டுகளைப் பற்றி. அது ஒரு ரயில்வே ஊர்.

சேதுவில் நீராட வரும் யாத்ரீகர்களும் மீனவர்களும் அங்கே காலங்காலமாக இருந்தவர்கள். ஆனால் அந்த மணல்திட்டை ஊராக்கியது தென்னிந்திய ரயில்வே. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்தபின் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் நேரே தனுஷ்கோடி. அங்கே ரயிலை விட்டு இறங்கிக் கப்பலில் ஏறினால் இலங்கையின் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாம்பனிலிருந்து முதன்மைப் பாதை போனது தனுஷ்கோடிக்கு. கோயில் இருக்கிற இராமேசுவரத்துக்குப் போனது கிளைப் பாதைதான். இன்று யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அப்படியொரு இடத்தில் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்? ஸ்டேஷன், ரயில்வே குடியிருப்பு, தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில். மெயில் வருகிற நேரம்தான் ஊருக்கே கடிகாரம். போர்ட்டருக்கும் கடைக்காரருக்கும் அன்றைய சோறு அந்த வண்டியில்தான் வரும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களும் மண்டபம் முகாமில் தங்கி, மருத்துவச் சோதனை முடிந்து, இந்த வழியாகத்தான் கடல் கடந்தார்கள். அவர்கள் தாய்மண்ணில் கடைசியாகப் பார்த்த ஊர் இது. இதைச் சொல்லாமல் தனுஷ்கோடி வரலாற்றைச் சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம் 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி விழவில்லை, அதாவது உள்ளே வரலாம் என்ற சிக்னல் கிடைக்கவில்லை. புயலில் எல்லாம் செயலிழந்திருந்தது. வண்டி இருட்டில் மெல்ல முன்னே போனது. எழும்பி வந்த கடல் அதை அப்படியே வாரிக்கொண்டது. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவர்களில் ஐந்து பேர் ரயில்வே ஊழியர்கள்.

பாம்பன் பாலத்தின் 145 உத்தரங்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் அதை 46 நாளில் சீர்செய்தார்கள். கடலுக்குள் விழுந்த உத்தரங்களையே தேடி எடுத்துப் பொருத்திய மகத்தான வேலை அது. ஆனால் பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே தண்டவாளம் மறுபடி போடப்படவே இல்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தலைமன்னார் கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. புயல் வீடுகளை இடித்தது, சரி. ஊரைத் திரும்பவிடாமல் செய்தது ரயில் வராததுதான் என்பேன். அந்த மணலில் மறுபடி ஆளைக் குடிவைப்பது ஆபத்து என்று அதிகாரிகள் நினைத்ததில் நியாயம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பிழைப்புக்கு அந்த ஒரு வண்டியையே நம்பியிருந்தவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இப்போது தனுஷ்கோடியைத் தாண்டி, நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. போகிறவர்கள் வழியில் கொஞ்சம் இறங்கி, இடிந்த சுவர்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லால் கட்டியவை. உள்ளங்கையில் சொரசொரவென்று உறுத்தும், சின்னச் சின்னத் துளைகள் தெரியும். பக்கத்தில் ஓலைக் குடிசைகள் இருக்கும். மீனவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். மணலை ஓர் ஆள் ஆழத்துக்குக்கூடத் தோண்ட வேண்டியதில்லை, நல்ல தண்ணீர் ஊறும். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, பெண்கள் அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊற ஊற மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.