ஓடாத கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்போம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், இந்தக் குளிரிலும் கலையாமல் அமர்ந்திருக்கும் குன்னூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம். பழைய மின்கருவிகள் மீது நமக்கிருக்கும் ஏக்கம் மனத்தின் செல்வமா, வீட்டின் குப்பையா என்பது தலைப்பு. செல்வமே என்று பேச வந்திருக்கிறேன்.

நேராக எதிரணித் தலைவரிடம் வருகிறேன். கோவையிலிருந்து வந்திருக்கும் அவர் சற்று முன்பு, "இவர்கள் வீட்டில் ஓடாத கம்ப்யூட்டருக்குக்கூட ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைக்கிறார்கள், இது ஏக்கம் அல்ல, பழைய இரும்புக் கடைக்கு வழி தெரியாத குறை" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நகைச்சுவை எந்த அணியில் பிறந்தாலும் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அந்தப் பொட்டு ஏன் வைக்கப்படுகிறது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

1984ஆம் ஆண்டு மத்திய அரசு, பள்ளிகளில் கணினிக் கல்வியைப் புகுத்த 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் உருவாக்கிய பிபிசி மைக்ரோ கணினிகளைத் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வழங்கியது. நான் படித்த பள்ளிக்கும் ஒன்று வந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். இதே மலையில்தான் இருக்கிறது. கணினி என்றால் குளிரூட்டிய அறையில்தான் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட, தலைமையாசிரியர் ஏசி வாங்கினார். நீலகிரியில், ஐயா! டிசம்பர் மாதம் விடிந்து பார்த்தால் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் ஊரில், பள்ளிக்கூடத்தில் ஏசி.

கடைசி வரிசையில் இருப்பவர்கள் சரியாகக் கேட்கவில்லை என்று சைகை காட்டுகிறார்கள். அவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: வெயிலே எட்டிப் பார்க்காத மலையில், அறையைக் குளிராக்க ஏசி!

தூசு படியும் என்பதால் வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டும். சிமெண்ட் தரையில் வெறுங்காலுடன், ஸ்வெட்டரும் மஃப்ளரும் குரங்குக் குல்லாவுமாக நாங்கள் வரிசையில் நிற்போம். சால்வை போர்த்திய ஆசிரியர், "கை நடுங்கினால் தப்பான பட்டன் அமுங்கிவிடும், அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு வா" என்பார். நிரல் ஒலிநாடாவிலிருந்து ஏற வேண்டும். நொடிக்கு 1200 பிட் வேகம். 32 கிலோபைட் நினைவகம் முழுவதையும் நிரப்ப ஏறக்குறைய ஐந்து நிமிடம். டேப் ரெக்கார்டரின் ஒலியளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பிழைச்செய்தி வரும். நாடாவைச் சுற்றி மறுபடி முதலிலிருந்து.

ஒரு நாள் ஏசி பழுதாகிவிட்டது. சரிசெய்ய இங்கே ஆள் ஏது? ஏசி இருந்தால் அல்லவா மெக்கானிக் இருப்பார்! மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர் வரும்வரை, கணினி ஏசி இல்லாமலேயே எந்தக் குறையும் இன்றி ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் பல் கிட்டிக்க நின்றுகொண்டு, "சார், இதை நிஜமாவே ரிப்பேர் பண்ணணுமா?" என்றார். தலைமையாசிரியர் சொன்னார்: "ஆடிட்டில் கேட்பார்கள், ஓடித்தான் ஆக வேண்டும்." ஓடியது. நாங்கள் நடுங்கினோம்.

ஆனால் அந்த நடுங்கும் விரலால் இரண்டு வரி தட்டி, என் பெயர் திரையின் கீழிருந்து மேலாக ஓயாமல் ஓடியதைப் பார்த்தேனே, அந்த மகிழ்ச்சியை இன்று என் மகள் கையிலிருக்கும் எந்தக் கைப்பேசியும் எனக்குத் தரவில்லை. பின்னாளில் பள்ளி அதை ஏலத்தில் விட்டபோது எடுத்தவன் நான்தான். எதிரணித் தலைவர் அவர்களே, பொட்டு வைப்பது அதற்குத்தான்.

பழையது என்றாலே குப்பை என்கிறாரே, இன்று காலை இவர் எதில் வந்தார் தெரியுமா? மலை ரயிலில். கல்லாரிலிருந்து குன்னூர் வரை பற்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, வழிநெடுகச் செல்ஃபி எடுத்தபடி வந்தார். அந்தப் பாதையை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்ஜின் தேய்ந்துபோனபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகவும் நீராவி இன்ஜினையே செய்து அனுப்பினார்கள். ரயில்வேக்கும் பழைய இரும்புக் கடைக்கு வழி தெரியவில்லை போலும்!

பழைய டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அது நஞ்சு என்று அவர்கள் அணியின் இரண்டாவது பேச்சாளர் பயமுறுத்தினார். உண்மைதான். அதனால்தான் சொல்கிறோம், குப்பையில் போடாதீர்கள், எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்கிறீர்கள். ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இந்தியாவும் இலங்கையும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, இந்த மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் என் அப்பாவும் ஒருவர். வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமம் வாங்க வேண்டியிருந்த அந்தக் காலத்தில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் மாலையானால் இலங்கை வானொலிதான் ஒலிக்கும். மற்றவர்கள் பாட்டுக்காகக் கேட்டார்கள். எங்கள் பெரியவர்கள் விட்டு வந்த ஊரின் பேச்சுக்காகக் கேட்டார்கள்.

என் அத்தை இலங்கை மலையகத்து அட்டனிலேயே தங்கிவிட்டார். அங்கே தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. வெகுநாள் கழித்து, அங்கிருந்து வந்த ஒருவர் கையில் ஒரு கேசட் வந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, லைன் முழுவதும் கூடி நிற்க, அப்பா பட்டனை அழுத்தினார். முதலில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம். பிறகு அத்தை: "அண்ணே, இதுல பேசினா கேக்குமாம். நாங்க எல்லாரும் இருக்கோம்ணே. தங்கச்சிக்கு ஒரு கடுதாசி போட ஒனக்கு நேரமில்ல, என்ன?"

பாதி சனம் அழுதது, பாதி சனம் சிரித்தது. அப்பா அடுத்த சம்பளத்தில் முன்பணம் வாங்கி சொந்தமாக ஒரு டேப் ரெக்கார்டர் எடுத்தார். அதன் ரப்பர் பெல்ட் இளகிப் பசையானபோதெல்லாம் நான் மாற்றியிருக்கிறேன். இம்மலை ஈரத்தில் நாடாவில் பூஞ்சை படியும் என்பதால், அந்தக் கேசட் இருக்கும் அலமாரிக்குள் மழைக்காலம் முழுவதும் ஒரு குண்டு பல்பு எரிகிறது. கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். ஏற்றியும் வைத்திருக்கிறேன். அதே மழை, அதே குரல். ஆனால் அப்பா அதைக் கேட்பதில்லை. அந்தப் பட்டனைத் தாமே அழுத்த வேண்டும் என்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அதற்கு இந்த மேடையில் தர்க்கம் ஏதும் என்னிடம் இல்லை.

எதிரணித் தலைவர் நாளை கீழே இறங்குவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒரு தேநீருக்கு வரட்டும். அந்த டேப் ரெக்கார்டர் குப்பை என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்கிறேன். வணக்கம்.