கரி அள்ளியவர்களின் போர்

அவையோர்களே, உங்களை ஒரு சரக்குக் கப்பலின் அடித்தளத்துக்கு அழைத்துப் போகிறேன். ஆண்டு 1940, இரண்டாம் உலகப் போர்க்காலம், வட அட்லாண்டிக் கடல். இரும்பு ஏணியில் இறங்க இறங்க அனல் முகத்தில் அடிக்கிறது. நிற்கும் இடம் கடல் மட்டத்துக்குக் கீழே. நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடியும் நான்கு மணி நேரம். ஒருவர் கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் கரியைக் கொண்டுவந்து கொட்டுகிறார். இன்னொருவர் அதை உலைக்குள் வீசுகிறார், கிளறுகிறார், சாம்பலை வாரி இழுக்கிறார்.

கரி வீசுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் கரும்புகை கிளம்பும். அந்தப் புகை, தொலைவில் காத்திருக்கும் ஜெர்மன் நீர்மூழ்கிக்கு ஓலை அனுப்பியது போலத்தான். சரி, குறைவாகப் போடலாம் என்றால் நீராவி தளரும்; கப்பல் பின்தங்கும். கான்வாயில், அதாவது போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகச் செல்லும் அணியில், பின்தங்கிய கப்பலுக்காக மற்றவை நிற்க முடியாது. நீர்மூழ்கி ஏவும் வெடிகுண்டான டார்பிடோ வந்து மோதுவதோ பெரும்பாலும் இவர்கள் வேலை செய்யும் ஆழத்தில். தப்பிக்க அந்த ஏணியை ஏறியாக வேண்டும்.

பிரிட்டிஷ் கப்பல்களில் இப்படி வெந்தவர்களில் பலர் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கத்துக் கிராமத்தார். இந்தியக் கடலோடிகளுக்கு ‘லஸ்கர்’ என்று பெயர். அதே கப்பலின் வெள்ளைக்காரக் கடலோடியைவிட மிகக் குறைந்த சம்பளம். 1939இல் போர் தொடங்கியதும் பல துறைமுகங்களில் கப்பலேற மறுத்துக் கூலி உயர்வு கேட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், ஆனால் கூலி உயர்ந்தது. அந்தத் துணிச்சலை நான் கடற்போரின் வீரக்கதைகளுக்குக் குறைவாக மதிப்பிடமாட்டேன்.

1940 செப்டம்பர் 17 இரவு ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் தாக்கப்பட்டது. போருக்குத் தப்பிக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். அந்தச் சோகம் உலகறிந்தது. கப்பல் ஊழியரில் பெரும்பகுதி இந்தியர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எட்டு நாள் மிதந்த பன்னிரண்டாம் எண் உயிர்காப்புப் படகில் இருந்த 46 பேரில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அட்லாண்டிக் குளிர், மெல்லிய பருத்தி உடை, மிடறு மிடறாக அளந்து கொடுத்த தண்ணீர்.

அந்தப் போரில் மடிந்த இந்திய வணிகக் கடலோடிகள் ஆறாயிரத்துக்கும் மேல். கல்லறை இல்லாத அவர்களுடைய பெயர்களைத் தாங்கிய நினைவேடு ஒன்று வங்கதேசத்தின் சிட்டகாங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது, இன்னொன்று மும்பையில்.