கையெழுத்துப் போடும் முன் வக்கீலைப் பாருங்கள்

(மதுரையில் தொழிலாளர் கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே, சகோதரிகளே!

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்களும், மாசி வீதிகளில் கடை அடைத்துவிட்டு வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். பசி நேரம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் தொழிலாளி வக்கீலைத் தேடி வருவது எப்போது? வேலை போய், கணக்கு முடித்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டு, ஆறு மாதம் கழித்து வருகிறார். கையில் ஒரு நகல்கூட இருக்காது. "ஏதாவது செய்யுங்கள் ஐயா" என்பார். கையெழுத்துக்கு முதல் நாள் வந்திருந்தால் அரை மணி நேரப் பேச்சில் தீர்ந்திருக்கக்கூடிய காரியம், பல வருட வழக்காக நீள்கிறது.

"ராஜினாமாவை நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் உன் பெயர் கெடாது" என்று நிர்வாகத்தில் அன்பாகச் சொல்வார்கள். அந்த அன்பின் விலை என்ன தெரியுமா? ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு என்று அனுப்பினால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுத்தவருக்கு இரண்டும் இல்லை.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி மட்டும் ராஜினாமா செய்தாலும் உண்டு. பொதுவாக ஐந்து ஆண்டு முடித்திருக்க வேண்டும். அதிலும் ஒரு கைவேலை நடக்கிறது, கவனியுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய் வாங்கியவர், 10 ஆண்டு வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் 26 ஆல் வகுக்கச் சொல்கிறது. ஒரு நாளைக்கு 500 ரூபாய். ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், அதாவது 7,500. பத்து ஆண்டுக்கு 75,000. ஆனால் மாதம் என்றால் 30 நாள்தானே என்று கணக்கர் 30 ஆல் வகுத்துக் கொடுத்தால் 65,000 தான் வரும். பத்தாயிரம் ரூபாய் வகுத்தலிலேயே கரைந்துவிடும்!

இன்னொரு வித்தை, பதவிப் பெயர். ஜவுளிக் கடையில் சேலை மடித்து அடுக்குகிற பிள்ளைக்கு 'சூப்பர்வைசர்' என்று அட்டை மாட்டிவிடுவார்கள். பிறகு பிரச்சினை வந்தால், அவர் தொழிலாளியே இல்லை, தொழில் தகராறுகளுக்கான சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று வாதாடுவார்கள். நீதிமன்றம் அட்டையைப் பார்க்காது, செய்த வேலையைப் பார்க்கும். கடை ஊழியர்களுக்குத் தனிச் சட்டமும் இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்ப முடியாது. முறைகேடு என்று குற்றம் சாட்டினால் விசாரணை நடத்தி, சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். அதே சட்டத்தில்தான் 2021இல் உட்காரும் உரிமையைச் சேர்த்தார்கள். நாள் முழுக்க நின்றே தேய்ந்த கால்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கச் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

வக்கீலை அமர்த்திவிட்டால் எல்லா இடத்திலும் அவரே வந்து பேசுவார் என்று நினைக்கிறீர்கள். வர முடியாது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் நடக்கும் சமரசப் பேச்சுவார்த்தையில் வக்கீலுக்கு இடமில்லை. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த் தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் உண்டு. பெரிய வக்கீல்களை வைத்து ஏழைத் தொழிலாளியை முதலாளி அமுக்கிவிடக் கூடாது என்று வைத்த தடை அது. நல்ல தடை என்பதே என் கருத்து, என் பிழைப்புக்கு இடைஞ்சல் என்றாலும். ஆகவே சமரசத்தில் உங்களுக்காகப் பேச வேண்டியவர் சங்கத்துக்காரர். மனு எழுதுவதும், மெமோவுக்குப் பதில் தயாரிப்பதும், எந்தச் சட்டத்தில் எங்கே போவது என்று சொல்வதும் வக்கீலின் வேலை. வ.உ.சி.யும் வக்கீல்தான். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்காக அவர் நின்றது வேலைநிறுத்தத்தில். அந்த மில்லை நடத்திய ஹார்வி கம்பெனி நம் மதுரையிலும் மில் நடத்தியது. இங்கே பல குடும்பங்களுக்கு அந்தச் சங்கொலி இன்னும் நினைவிருக்கும்.

பணம் இல்லை என்கிறீர்களா? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தைக் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரோடு தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். "வருகிற பணத்தில் பாதி எனக்கு" என்று ஒரு வக்கீல் பேரம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். ஜெயித்தால் பங்கு என்று கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. பேசிய தொகைக்கு ரசீது கேளுங்கள். கேட்டதற்கே கோபப்படுகிறவர் உங்களுக்கு வேண்டாம்.

காலக்கெடு கடைசி விஷயம். வேலைநீக்கத்தை எதிர்த்துப் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் நேராக நீதிமன்றம் போக மூன்று ஆண்டு இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்தால் சமரச அலுவலர் அதைக் கையிலெடுக்க மாட்டார். எது உங்களுக்குப் பொருந்தும் என்று டீக்கடையில் கேட்காதீர்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எஃப். கணக்கு, மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அட்டையே தராத இடமென்றால் வங்கியில் சம்பளம் ஏறிய பக்கம் போதும், அதிலிருந்து தொடங்கலாம்.

கேள்விகள் இருந்தால் சீட்டில் எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயர் வேண்டாம், கம்பெனிப் பெயரும் வேண்டாம். முன்வரிசையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியாது!