தண்ணி வத்துற நேரம் பாத்து ஹைஸ்லர் பார்க் போனேன் | லகுனா பீச் வ்லாக்

ஹாய் மக்களே, காத்து இரையுதா? மைக்ல பஞ்சு மாட்டிருக்கேன், ஆனாலும் கேக்கும். கடல் தண்ணி வத்துனா வெளிய தெரியுற பாறைக்குழிகளையும் அதுல இருக்குற உயிர்களையும் பாக்க வந்திருக்கேன். கலிஃபோர்னியா லகுனா பீச்ல ஹைஸ்லர் பார்க்ல நிக்கிறேன், இந்தப் பக்கம் புல்தரை, நடக்குற வழியெல்லாம் சிற்பம், அந்தப் பக்கம் எட்டிப் பாத்தா செங்குத்தா பாறை, அடியில கடல்.

இத காட்டாம கீழ போக மனசு வரல. இந்த சிற்பத்துக்கு செம்பர் மெமென்டோன்னு பேரு, ஜோர்க் டூபின்னு ஒரு கலைஞர் செஞ்சது. நியூயார்க்ல விழுந்துச்சே வேர்ல்ட் ட்ரேட் சென்டர், அதோட இரும்பு இதுல இருக்கு, பத்து வருஷம் கழிச்சு 2011ல இங்க வச்சாங்க. பின்னாடி அலை சத்தம் வேற, ரெண்டு நிமிஷம் எனக்குப் பேச்சே வரல.

சரி, படி இறங்கி வந்தாச்சு. இப்ப மணி ரெண்டு, மூணு மணிக்கு லோ டைட், தண்ணி நல்லா வத்தியிருக்குற நேரம், அந்த நேரத்தச் சொல்ற சார்ட்ல மைனஸ்னு போட்டிருக்கு, அதாவது வழக்கமா வத்துற மட்டத்துக்கும் கீழ வத்தும். போன தடவ சார்ட் பாக்காம வந்து அலைய மட்டும் பாத்துட்டு திரும்புனேன், பாறைக்குழி எல்லாம் தண்ணிக்கு அடியில. இந்தக் கரையில ரொம்ப கீழ வத்துறது கோடைல விடியக்காலைல வரும், குளிர்காலத்துலதான் மத்தியானத்துல வரும், அதான் டிசம்பர்ல வந்தேன். பௌர்ணமி, அமாவாசைய ஒட்டி வாங்க.

இங்க பாருங்க, பச்சையா விரிஞ்சிருக்குல்ல, கடல் சாமந்தி, பூ இல்ல, மிருகம். பக்கத்துல மணலும் சிப்பித்தூளும் ஒட்டி சொரசொரன்னு பாறை மாதிரி இருக்கு பாருங்க, அதுவும் சாமந்திதான்! தண்ணி இல்லாததால சுருங்கி மூடிக்கிச்சு. நெறைய பேரு தெரியாம மிதிச்சிட்டுப் போறாங்க, மனசு கஷ்டமா இருக்கு, தயவுசெஞ்சு வெறும் பாறையா பாத்து கால் வைங்க.

அய்யோ, நட்சத்திர மீன்! ஆரஞ்சு கலர்ல, அந்த இடுக்குல! 1960கள்ல ராபர்ட் பெய்ன்னு ஒரு விஞ்ஞானி வாஷிங்டன் மாநிலக் கரையில ஒரு பாறையிலேர்ந்து இந்த வகைய மட்டும் எடுத்து எடுத்து வீசினாரு, சிப்பிய தின்ன இது இல்லாததால கொஞ்ச வருஷத்துல சிப்பி பெருகி மத்த உயிர்களுக்கு எடமே இல்லாம பண்ணிருச்சு. அப்படிப்பட்ட மீன் 2013லேர்ந்து ஒரு நோய் வந்து இந்தக் கரை முழுக்க கொத்து கொத்தா செத்துச்சு, அதான் ஒன்னு பாத்தாலும் இவ்ளோ சந்தோஷம்.

இது பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி, காலி சங்கு கூட எடுக்கக்கூடாது. அந்த சங்கு நகருது பாருங்க, உள்ள நண்டு, அதுக்கு வீடே அதான், வளர வளர பெரிய சங்கா தேடி மாறணும், நாம எடுத்துட்டு வந்துட்டா அது எங்க போகும்?

இந்தா, தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு, காலு நனையுது. கடலுக்கு முதுகு காட்டிக்கிட்டு பேசக்கூடாது, கேமராவ உள்ள வச்சிட்டு படி ஏறுறேன்.