சினாய்ப் பாலையில் வழிகாட்டியின் பின்னே

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, இளைய நண்பர்களே, அனைவர்க்கும் என் வணக்கம்.

எகிப்து நாட்டின் சினாய்த் தீபகற்பத்தில், அதன் தென்பாதியில், ஜீப்பிலும் ஒட்டகத்திலும் பெரும்பாலும் கால்நடையாகவும் நான் சென்றுவந்த பத்து நாள் பயணத்தைப் பற்றிப் பேசுமாறு இந்த மன்றத்தினர் பணித்தார்கள். ஒப்புக்கொண்டபோது, பார்த்த தொல்லிடங்களை வரிசையாகச் சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டியபோது, கோயிலையும் கல்லறையையும் பற்றி எழுதியவற்றைக் காட்டிலும், எங்களுக்கு வழிகாட்டியாக வந்த, பெதுயின் என்னும் பாலைவன அரபுக் குடியைச் சேர்ந்த பெரியவர் சொன்னவையும் செய்தவையுமே பக்கங்களை நிறைத்திருந்தன. அறுபது வயதைக் கடந்தவர். முசெய்னா குலத்தைச் சேர்ந்தவர். சுற்றுலா நிறுவனத்தின் தாளில் அவர் பெயருக்கு எதிரே 'வழிகாட்டி' என்று அச்சிட்டிருந்தது. அந்தச் சொல் அவருக்குப் போதாது என்பதை எனக்குப் புரியவைக்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது.

தென் சினாயின் மலையும் மணலும் நம் கண்ணுக்கு ஆளில்லாத வெளியாகத் தெரியலாம். உண்மையில் ஒவ்வொரு பள்ளத்தாக்கும், ஒவ்வொரு ஊற்றும் இன்ன குலத்துக்கு உரியது என்று வரையறுக்கப்பட்டது. வேற்றாள் ஒருவன் அதைக் கடக்கவேண்டுமானால் அந்தக் குலத்தார் ஒருவரின் பாதுகாப்பில்தான் கடக்கவேண்டும் என்பது பழைய வழக்கம். யாத்திரிகர்களையும் அவர்தம் மூட்டைகளையும் ஒட்டகத்தில் ஏற்றிச்செல்லும் உரிமை எவருக்கு என்பதில் குலங்களுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் பேச்சும் பிணக்கும் உடன்படிக்கையும் நடந்திருக்கின்றன. 2015ஆம் ஆண்டில் தராபீன், முசெய்னா, ஜெபெலியா ஆகிய மூன்று குலங்கள் சேர்ந்து 'சினாய் நடைவழி' என்ற நெடும்பாதையைத் தொடங்கியபோதும் இதே முறையைத்தான் கைக்கொண்டன. 2018இல் எட்டுக் குலங்களின் கூட்டுறவோடு 550 கிலோமீட்டராக நீண்டுவிட்ட அந்தப் பாதையில், ஒரு குலத்தின் எல்லை முடியும் இடத்தில் வழிகாட்டியும் மாறுகிறார், ஒட்டகமும் மாறுகிறது.

நாங்கள் ஓர் எல்லையை அடைந்த காட்சியைச் சொல்கிறேன். எல்லைக்கல் எதுவும் இல்லை. ஒரு சீமைக்கருவேலம்போல் முள் அடர்ந்த அக்கேசியா மரம்தான் இருந்தது. அதன் நிழலில் அடுத்த குலத்து ஆள் காத்திருந்தார். இருவரும் கை பற்றினார்கள், நலம் விசாரித்தார்கள், அந்த விசாரிப்பு ஒருவருடைய ஆட்டுமந்தை வரையில் நீண்டது. பிறகு சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, கரிபிடித்த கெட்டிலில் தேயிலையையும் சர்க்கரையையும் தாராளமாகப் போட்டு, 'ஹபக்' என்னும் மலைப் புதினாவைக் கிள்ளிப் போட்டார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே எங்கள் மூட்டைகளின் கயிறு அவிழ்ந்தது. எங்கள் முதல் பெரியவர் அந்த எல்லையோடு திரும்பவேண்டியவர். ஆனால் பேச்சின் முடிவில், புதியவரின் விருந்தாளியாகத் தாமும் கடைசிவரை வருவதாகச் சொல்லி மீண்டும் ஒட்டகத்தில் ஏறிக்கொண்டார். வழிகாட்டி என்று நான் எண்ணியிருந்தவர் அதுவரை எங்களை அழைத்துச்சென்ற புரவலர் என்பதும், இனி அவரும் எங்களைப் போல ஒரு விருந்தினர் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

முதலில் பார்த்த பாலைவனச் சோலை ஐன் ஹுத்ரா. விவிலியத்தில் இஸ்ரவேலர் தங்கியதாகச் சொல்லப்படும் ஆசரோத் இதுவே என்று பலர் கருதுகிறார்கள். அங்கே போய்ச்சேரும் முன்பு, திறந்த மேட்டுநிலத்தில் வட்டவட்டமான கல்வீடுகள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றை 'நவாமிஸ்' என்கிறார்கள். 'நாமூஸ்' என்றால் அரபியில் கொசு. இஸ்ரவேலர் கொசுக்கடிக்கு அஞ்சிக் கட்டிக்கொண்ட குடில்கள் இவை என்பது பெதுயின் கதை. அகழ்ந்து பார்த்தவர்கள் இவை கல்லறைகள் என்றும், கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை என்றும் கண்டிருக்கிறார்கள். அதாவது கீசாவின் பிரமிடுகளுக்கும் மூத்தவை. சாந்து இல்லை, பலகைக் கற்களை அடுக்கடுக்காக உள்நோக்கி நீட்டியே கூரையை மூடியிருக்கிறார்கள். பலவற்றில் அந்தக் கூரை இன்னும் அப்படியே இருக்கிறது. தவழ்ந்தால்தான் நுழையமுடிகிற சிறு வாயில்கள் எல்லாமே மேற்கைப் பார்த்திருக்கின்றன. உள்ளே எலும்புகளோடு செங்கடல் சிப்பிகளில் செய்த மணிகளும் வளைகளும் கிடைத்தன. எங்கள் பெரியவருக்கு இந்தக் காலக்கணக்கெல்லாம் தெரிந்தே இருந்தது, பலமுறை ஆய்வாளர்களோடு சென்றவர் அல்லவா. ஆயினும் கொசுக் கதையைத்தான் முதலில் சொன்னார்.

அங்கிருந்து வெள்ளைப் பள்ளத்தாக்கு என்னும் சுண்ணநிறப் பாறைப் பிளவுக்குள் கயிற்றைப் பிடித்து இறங்கி, தோள் உரசும் இடுக்குகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால், பாறை முடிகிற இடத்தில் பேரீச்ச மரங்களின் பச்சை சட்டென்று கண்ணில் படுகிறது. ஊரென்று சொல்ல அதிகம் இல்லை. சில தோட்டச் சுவர்கள், பனையோலைப் பந்தல்கள், ஊற்றிலிருந்து குழாய் வழியே வரும் நீர். நான் முகம் கழுவக் கை நீட்டியபோது பெரியவர் தடுத்தார். ஊற்றுக்கண்ணில் கை வைக்கலாகாது. முகந்து, தள்ளிப்போய்த்தான் கழுவவேண்டும். கழுவிய நீரும் ஒரு மரத்தடியில் போய் விழவேண்டும்.

அன்றிரவு அவர் 'லிப்பா' சுட்டார். கோதுமை மாவு, நீர், உப்பு, இவ்வளவே. ஒரு தட்டில் பிசைந்து, இரு கையாலும் தட்டி, ஒரு விரல் கனத்துக்கு வட்டமாக்கினார். 'ரதம்' என்னும் புதரின் வேர்க்கட்டை எரிந்து தணலானதும் தணலை ஒருபக்கம் ஒதுக்கி, கீழே சுட்டுக்கிடந்த மணலின் மேலேயே மாவை இட்டு, அதன்மீது தணலையும் சாம்பலையும் மூடினார். மாவில் மணல் ஒட்டாதோ என்று கேட்டேன். மணல் போதிய அளவு சுட்டிருந்தால் ஒட்டாது, ஒட்டினால் சுட்டவன்தான் பிழை செய்திருக்கிறான் என்றார். பாதியில் ஒருமுறை புரட்டி மீண்டும் மூடி, வெளியே எடுத்து ஒரு குச்சியால் பறையடிப்பதுபோல் தட்டினார். சாம்பல் பறந்தது. உடைத்தபோது ஆவி வந்தது. பல்லில் ஒரு மணல்கூடத் தட்டுப்படவில்லை.

சோலைக்குப் பக்கத்தில் 'எழுதப்பட்ட கல்' என்று அழைக்கப்படும் தனிப்பாறை ஒன்று உண்டு. வணிகரும் யாத்திரிகரும் நிழலுக்கு ஒதுங்கிய பாறை. நபதேய எழுத்து, கிரேக்க எழுத்து, சிலுவை, ஒட்டக உருவம் என்று மேனியெல்லாம் கீறல். மேற்கே வாதி முக்கத்தப் என்னும் பள்ளத்தாக்கில் இத்தகைய நபதேயக் கீறல்கள் மிகுதி. இன்றைய ஜோர்டானில் உள்ள பேட்ராவைத் தலைநகராகக் கொண்டிருந்த நபதேயரின் எழுத்தை, சினாயிலிருந்து வந்த படிகளைக் கொண்டே ஜெர்மானிய அறிஞர் பேயர் 1840இல் படித்தறிந்தார். இன்றைய அரபு எழுத்து அதிலிருந்து வளர்ந்தது. இவ்வளவு பெருமை பெற்ற கல்வெட்டுகளில் இருப்பது என்ன தெரியுமா? பெரும்பாலும் 'அமைதி உண்டாகுக' என்னும் ஒரு சொல், அதன்பின் இன்னார், இன்னாரின் மகன். அவ்வளவுதான்.

புனித கத்தரீன் மடத்தைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள், ஆகவே சுருக்கிக்கொள்கிறேன். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் ஆறாம் நூற்றாண்டில் கட்டிய மதில், 2285 மீட்டர் உயரமான மூசா மலையின் அடிவாரம், ஜெர்மானிய அறிஞர் டிஷெண்டார்ஃப் 1844இல் முதன்முதலாகக் கண்ட நான்காம் நூற்றாண்டு விவிலியச் சுவடி. அதன் பெரும்பகுதி ரஷ்யாவுக்குப் போய், 1933இல் ஒரு லட்சம் பவுனுக்கு லண்டன் வந்துசேர்ந்த கதை. இவற்றுக்கு நடுவே பலர் கவனியாமல் விடுவது, அந்தக் கிறித்தவ மடத்தின் மதிலுக்குள்ளேயே இருக்கும் பள்ளிவாசல். அதன் மரப் பிரசங்க மேடையில் 1106ஆம் ஆண்டுக்கு உரிய பொறிப்பு உள்ளது.

மடத்தைக் காப்பவர்கள் ஜெபெலியா குலத்தார். மடத்துக்குக் காவலாக ஜஸ்டினியன் கருங்கடல் பக்கத்திலிருந்தும் எகிப்திலிருந்தும் அனுப்பிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் மரபுரை. பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய பிறகும் காவல் பணியை விடவில்லை. அவர்களுடைய மலைத்தோட்டங்களைப் பார்க்காமல் யாரும் திரும்பவேண்டாம் என்பேன். சிவந்த கருங்கல் மலையின் குறுக்கே இயற்கையாக அமைந்த கரும்பாறைச் சுவர்கள் ஓடுகின்றன. அபூர்வமாகப் பெய்யும் மழையின் நீர் கல்லிடுக்கில் இறங்கி அந்தச் சுவரில் முட்டி நிற்கும். மலைமீது ஓடும் அந்தக் கறுப்புக் கோடுகளைப் பார்த்தே கிணறு தோண்டும் இடத்தை முன்னோர் குறித்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் மண்ணைப் பிடித்துவைக்கக் கற்சுவர். அதற்குள் பாதாம், அத்தி, மாதுளை, திராட்சை. கசப்புப் பாதாமின் அடிமரத்தில் இனிப்புப் பாதாமை ஒட்டுக் கட்டும் கலையில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். மடத்துக்கு எதிரேயுள்ள ராஹா சமவெளியில் அண்மை ஆண்டுகளில் அரசுத் திட்டத்தின் கீழ் விடுதிகள் எழுந்துகொண்டிருக்கின்றன. கல்லிடுக்கு நீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணி வாழும் மலையில் அத்தனை குளியலறைகளைக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதை இங்கே மறைக்கவேண்டியதில்லை.

மேற்கே இறங்கினால் ஃபைரான். சினாயின் மிகப் பெரிய சோலை. பள்ளத்தாக்கு வளைந்த வழியெல்லாம் பல கிலோமீட்டருக்குப் பேரீச்சை. கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் ஆயர் ஒருவரின் இருக்கையாக இருந்த ஊர். எங்களுக்கு அங்கே ஒரு பொழுதுதான் வாய்த்தது.

கடைசியாக ஸெராபித் அல்-காதிம். காற்று அரித்த மணற்கல் மேட்டின் உச்சியில் ஹத்தோர் தேவியின் கோயில் சிதைந்து நிற்கிறது. டர்க்காய்ஸ் எனப்படும் நீலப்பச்சை மணிக்கல்லை வெட்டியெடுக்க எகிப்திய மன்னர்கள் பன்னிரண்டாம் அரசமரபு தொடங்கி ஆறாம் ராம்சேஸ் வரையில் சுமார் எண்ணூறு ஆண்டுகள் இங்கே ஆளனுப்பினார்கள். மூன்றாம் அமெனெம்ஹாத் காலத்து அதிகாரி ஹர்வெர்ரே நிறுத்திய நடுகல் ஒன்று என் நினைவை விட்டு அகலவில்லை. பருவம் தவறிக் கோடையில் வந்துசேர்ந்ததையும், மலை தோலில் சூடு போடுவதையும், ஆயினும் வேலை நன்றாக முடிந்ததையும் அதில் வெட்டிவைத்திருக்கிறார். ஏறத்தாழ 3800 ஆண்டுகளுக்கு முந்தைய அலுவலக முறையீடு அது.

இந்தச் சுரங்க வாய்களில்தான் 1905இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் பீட்ரியின் குழுவினர் புதுமாதிரியான குறிகளைக் கண்டார்கள். 1916இல் எகிப்தியல் அறிஞர் கார்டினர் அவற்றில் 'பஅலத்', அதாவது 'தலைவி' என்னும் செமித்தியச் சொல்லை, அரபும் எபிரேயமும் சேர்ந்த மொழிக்குடும்பத்துச் சொல்லை, படித்தார். மாட்டுத் தலை ஒன்று 'அ' ஒலிக்கும் அலெஃப், வீடு ஒன்று 'ப', நீரலை 'ம'. உலகின் மிகப் பழைய அகரவரிசை எழுத்துகளுள் இவை வைத்து எண்ணப்படுகின்றன. பினீசியம், அரமேயம் என்னும் பழைய மேற்காசிய எழுத்துகள் வழியாகப் பிராமியும் இந்தக் குடும்பத்தோடு தொடர்புடையது என்று கருதுவோர் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் தமிழ் எழுத்து இந்தக் கடற்கரை வரையில் வந்ததற்கு மறுக்கவியலாத சான்று ஒன்று செங்கடலுக்கு அக்கரையில், எகிப்தின் குசெய்ர் அல்-கதீமில் இருக்கிறது. அங்கே கிடைத்த பானை ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழ்ப் பிராமியில் எழுதியிருக்கிறது. உறியில் தொங்கிய பானையாகத்தான் இருக்கவேண்டும்.

இந்தப் பகுதியில் வாழும் ஹமாதா குலத்துப் பெண்கள் நால்வர் 2019இல் வழிகாட்டிகளாகப் பணியைத் தொடங்கினார்கள். பெண் பயணிகளை மட்டுமே அழைத்துச்செல்வது, இரவுக்குள் வீடு திரும்பிவிடுவது என்னும் வரையறையோடு குலத்தார் ஒப்பினார்களாம். ஆட்டுமந்தையை ஓட்டிச் சிறுவயது முதல் அந்த மலைகளில் திரிந்தவர்கள் பெண்களே ஆதலால், இது மிகத் தாமதமாக வந்த ஒப்புதல் என்றே எனக்குப் பட்டது.

மேட்டிலிருந்து இறங்கும்போது ஒரு பாறையில் ஒற்றைக்கோடும் வளைவும் சேர்ந்த ஒரு கீறலைக் கண்டு, பழைய எழுத்தென்று ஆவலோடு படமெடுத்தேன். பெரியவர் சிரித்தார். அது 'வஸ்ம்', ஒட்டகத்துக்குச் சூடு போடும் குலக்குறி. இந்தப் பாறையில் எந்தக் குலத்தான் மேய்ச்சலுக்கு வந்தான் என்று அதைப் பார்த்தே சொல்வார்களாம். தம் குலத்தின் வஸ்மை மணலில் விரலால் வரைந்து காட்டிவிட்டு, உங்கள் குறி எது என்று கேட்டார். எங்களிடம் குறியில்லை, எழுத்துதான் என்று சொல்லி, தந்தை பெயரையும் சேர்த்து என் முழுப்பெயரைத் தமிழில் அவர் வரைந்ததன் அருகே எழுதினேன். குனிந்து, எழுத்து எழுத்தாக எண்ணிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இதை முழுவதும் சூடு போட்டால் ஒட்டகம் பொறுக்காது" என்றார்.

நன்றி, வணக்கம்.