கனோலாவுக்கு யூரியா: எண்ணெய் சதவீதம் இறங்கினால் நஷ்டமா?

[காட்சி: மஞ்சள் பூத்த வயல், மேலிருந்து]

ஆகஸ்ட் கடைசியில் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா பக்கம் போனால், கண்ணுக்கெட்டிய தூரமும் மஞ்சள்தான். கனோலா. நம் கடுகுக்கு நெருங்கிய உறவு. 1970-களில் கனடாவில் உருவாக்கிய எண்ணெய் வித்துப் பயிர்.

இதற்குத் தழைச்சத்துப் பசி, அதாவது நைட்ரஜன் தேவை, அதிகம். ஒரு டன் விதைக்கு, மண்ணில் இருப்பதும் உரமாகப் போடுவதும் சேர்த்து சுமார் 80 கிலோ தழைச்சத்து வேண்டும் என்பது அங்கே புழங்கும் கணக்கு. ஹெக்டேருக்கு 2 டன் எதிர்பார்த்தால் 160 கிலோ. மண் 90 கிலோ தரும் என்று மண் பரிசோதனை காட்டினால், மீதி 70. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். ஆக, சுமார் 150 கிலோ யூரியா.

[காட்சி: ஏறும் கோடு, இறங்கும் கோடு]

உரம் கூடக்கூடக் கிளையும் காயும் பெருகும், மகசூல் ஏறும். எண்ணெய் சதவீதமோ இறங்கும். காரணம் விதைக்குள் இருக்கிறது. இலை அனுப்பும் சர்க்கரையை வைத்துத்தான் விதை எண்ணெயையும் செய்கிறது, புரதத்தையும் செய்கிறது. தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் புரதத்தின் பங்கு கூடிவிடும். போதாததற்கு, பயிர் முதிர்வதும் தள்ளிப்போகும். விதை நிரம்பும் நேரம் வெயில் ஏறும் நாட்களில் விழும். வெப்பமும் எண்ணெயைக் குறைக்கும்.

[காட்சி: இரண்டு வயல்கள், எண்களுடன்]

இதைக் கேட்டு உரத்தைக் குறைக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு வயலில் ஹெக்டேருக்கு 1.5 டன், எண்ணெய் 44 சதவீதம்: 660 கிலோ எண்ணெய். உரம் கூட்டிய வயலில் 2.2 டன், 42 சதவீதம்: 924 கிலோ. ஆஸ்திரேலியச் சந்தையில் 42 சதவீதம்தான் அடிப்படை. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலை 1.5 சதவீதம் கூடும், கீழே போனால் அதே அளவு குறையும். இரண்டு சதவீத எண்ணெய் போனதில் விலையில் இழப்பது 3 சதவீதம். விளைச்சலோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு!

அதனால், சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்றே சொல்வேன். கவனிக்க வேண்டியது மகசூல் கோடு படுக்கும் இடம். அதைத் தாண்டிப் போடும் யூரியா விளைச்சலைக் கூட்டாது, எண்ணெயை மட்டும் குறைக்கும்.

[காட்சி: மேலுரம் தூவும் டிராக்டர், மழை மேகம்]

அந்த இடமோ மழைக்கு மழை மாறும். அதனால்தான் பலர் மொத்தத்தையும் விதைக்கும்போதே கொட்டாமல், தண்டு நீளும் பருவம்வரை பொறுத்திருந்து, மழை வரப்போகிறது என்று தெரிந்தபின் மேலுரமாகத் தூவுகிறார்கள். மழையில் கரைந்து மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே கிடக்கும் யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். கந்தகச் சத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பற்றாத மண்ணில் தழைச்சத்தை மட்டும் கூட்டினால் காய் சரியாகப் பிடிக்காது.