சுவர் இருந்தால்தான் சித்திரம்

பெருமதிப்புக்குரிய சங்கத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து கொடியேற்றி வைத்த மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, செயலாளர் அவர்களே, பைசா பிசகாமல் கணக்கு எழுதும் பொருளாளர் அவர்களே, விடியும் முன்பே எழுந்து மூவண்ணக் கோலம் போட்ட மூன்றாம் மாடிச் சகோதரிகளே, மிட்டாய்க்காகப் பொறுமையோடு காத்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் காவலாளி ஐயாவைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வாரம் என் ஸ்கூட்டருக்கு கேட் லேசில் திறக்கவில்லை. எனவே அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

குடியரசு நாள் என்றால் உங்களுக்கு தில்லி அணிவகுப்பு நினைவுக்கு வரும். கட்டட வேலையிலேயே காலம் தள்ளிய எனக்குக் குஜராத்தின் கட்ச் பூகம்பம் நினைவுக்கு வரும். 2001 ஜனவரி 26, காலை 8:46. இதே மாதிரி கொடியேற்றும் நேரம். பூகம்பத்தின் அளவு 7.7. அஞ்சார் ஊரில் கொடி பிடித்துக்கொண்டு குறுகலான தெருவில் ஊர்வலம் போன பள்ளிக் குழந்தைகள் மேல் இரண்டு பக்கத்து வீடுகளும் சரிந்தன. 185 குழந்தைகள், 20 ஆசிரியர்கள். புஜ் நகரில் அரசு மருத்துவமனையே இடிந்து விழுந்தது. அடிபட்டவர்களைத் திறந்தவெளியில் படுக்கவைத்து வைத்தியம் பார்த்தார்கள்.

மூன்று விஷயம் சொல்கிறேன். விழுந்தது ஏன், எழுந்தது எப்படி, நமக்கு இதில் என்ன. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பார்கள். அதை மட்டும் கடைசி வரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புஜ் கோட்டைக்குள் கல்லும் மண்சாந்துமாக இருந்த பழைய வீடுகள் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கட்ச்சிலேயே பன்னி என்ற புல்வெளிப் பகுதியின் கிராமங்களில் புங்கா என்று வட்ட வடிவில் மண்வீடு கட்டுவார்கள். அவற்றில் பல அசையாமல் நின்றன. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்திலோ, புத்தம்புது அடுக்குமாடிகள் உட்கார்ந்துவிட்டன. எழுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே விழுந்தவற்றில் பல எப்படிப்பட்டவை தெரியுமா? மேலே நாலு மாடி வீடு, கீழே சுவரே இல்லாமல் தூண் மட்டும் வைத்துக் கார் நிறுத்தும் இடம். நிலம் ஆடும்போது சுவர் உள்ள மேல்தளங்கள் ஒரே பெட்டியாக நகரும். ஆட்டம் முழுவதையும் கீழே உள்ள தூண்கள்தான் வாங்க வேண்டும்.

இப்போது நாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.

பயப்பட வேண்டாம், டிபன் முடியும் வரை ஒன்றும் ஆகாது. தூண் நன்றாக இருந்தால் பிழைக்கலாம். தூணின் உயிர் கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்கில் இருக்கிறது. இதைப் பற்றி ஒரு கதை.

என் தங்கைக்கு வீடு கட்டியபோது மேஸ்திரி ஒருவர் வந்தார். கைராசிக்காரர், வெற்றிலை போடாமல் பேச்சு வராது. ரிங்கின் முனையை எல் மாதிரி மடக்கி வைத்திருந்தார். "உள்பக்கமா 135 டிகிரி வளைக்கணும் மேஸ்திரி" என்றேன். "முப்பது வருஷமா இப்படித்தான் சார் கட்றேன். எதுவும் விழல." "பூகம்பம் வந்தா?" "மெட்ராஸ்லயா? சார் டிவி ரொம்பப் பாக்குறீங்க." சுற்றி இருந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு. எனக்கும் கோபம் வந்துவிட்டது. "மேஸ்திரி, உங்க லுங்கியைச் சுத்தி, முனையை உள்ளே செருகாம வெளியே விட்டுட்டு அந்தச் சாரத்துல ஏறுங்க பாப்போம்" என்றேன். சித்தாள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேஸ்திரி வெற்றிலையைத் துப்பினார். லுங்கியைப் பார்த்தார், ரிங்கைப் பார்த்தார். "டேய், அத்தனையும் அவுருடா" என்று பையனிடம் கத்தினார். அன்று மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. அவ்வளவுதான் விஷயம். தூண் குலுங்கும்போது மேல்பூச்சுக் கான்கிரீட் உதிரும், வெளியே விட்ட முனை விரிந்துவிடும். உள்ளே செருகியது பிடித்துக்கொள்ளும்.

எழுந்தது எப்படி என்று சொல்ல வந்தேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சுருக்கமாகச் சொன்னால், புஜ்ஜில் நில அளவையோடு ஆரம்பித்தார்கள். குறுகல் சந்துகளை அகலப்படுத்த எல்லோர் மனையிலிருந்தும் கொஞ்சம் எடுத்தார்கள். ரொம்பச் சின்ன மனைக்காரர்களை விட்டுவிட்டு, பெரிய மனைக்காரர்களிடம் கூடுதலாக எடுத்தார்கள். ஊருக்கு வெளியே நாலு இடத்தில் புதுக் குடியிருப்பு. கிராமங்களில் பணத்தைத் தவணையாகக் கொடுத்து வீட்டுக்காரரையே கட்டவைத்தார்கள், தவணைக்கு முன் பொறியாளர் வந்து பார்ப்பார். புஜியோ குன்றில் ஸ்மிருதிவன் நினைவிடம் 2022இல்தான் திறந்தது. ஊரை முதலில் நிமிர்த்தினார்கள், நினைவிடம் அப்புறம். சுவர் இருந்தால்தான் சித்திரம்!

சரி, நம் கதைக்கு வருவோம். அதே 2001, செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஆடியதும், சென்னையில் பாத்திரம் உருள நாம் தெருவுக்கு ஓடி வந்ததும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு அடுத்த வருடம்தான் பூகம்ப ஆபத்து வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். சுவரில்லாத தளத்தின் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்குக் கணக்கிட வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. நம் கட்டடத்தில் நாம் குடிபுகுந்தது 1998இல். கணக்கு உங்களுக்கே புரியும்.

தலைவர் மன்னிக்க வேண்டும். இன்றைய பொதுக்குழுவில் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க எட்டு லட்சம் என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. சந்தன நிறமா, இளம்பச்சையா என்று குழுவில் மூன்று வாரமாகச் சண்டை. நான் இரண்டுக்கும் ஓட்டுப் போட மாட்டேன். முதலில் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துத் தூண்களைச் சோதிப்போம். மீதிப் பணத்தில் எந்த நிறம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள். அதுவரை கேபிள்காரரையும் ஏசிக்காரரையும் தூணில் துளை போட விடாதீர்கள்.

பொங்கல் ஆறிவிடும் என்று சைகை வருகிறது. கை கழுவப் போகும்போது மோட்டார் அறைக்குப் பக்கத்துத் தூணின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தண்ணீர் ஒழுகி ஒழுகிப் பூச்சு பெயர்ந்து, துரு ஏறிய கம்பி வெளியே தெரிகிறது. அதில் ஒரு ரிங்கும் தெரியும். முனை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து ஓட்டுப் போடுங்கள்.